அரையணாவுக்கு அடங்கிய தேசம்

பம்பாய் நகரத்தின் மத்திய ரயில்வே மார்க்கத்தில், தாதருக்கும் சயானுக்கும் இடையே, கட்டிய மல்லிகைச் சரத்தின் மணமும் புதிதாய் வறுத்து அரைத்த காப்பிக்கொட்டையின் மணமும் கலந்து எதிர்கொள்கிற மாட்டுங்காவில் வந்து இறங்கும் தமிழன், சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டோம் என்பதைச் சற்று நேரம் மறந்துபோவது இயல்பே. வாழை இலைக் கட்டுகளும் வெற்றிலைக் கவுளிகளும் பூஜைத் திரவியங்களும் விற்கும் கடைகளைக் கடந்து, 1923ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட ஆஸ்திக சமாஜத்தின் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால், 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் படித்துப் பெரியவர்களானவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும், பாலக்காட்டுத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசிக்கொண்டு போவதைக் கேட்கலாம்.

இம்முறை நான் இங்கே வந்தது கோயிலுக்காகவும் இல்லை, சங்கீதத்துக்காகவும் இல்லை. ஒரு வருஷத்தின் அடிச்சுவட்டைத் தேடி வந்தேன். 1854ஆம் வருஷம் இந்தத் தேசத்தின் தபால் முறையில் செய்யப்பட்ட மாறுதல்களைப் பற்றி நெடுநாளாகப் படித்து வந்த எனக்கு, அம்மாறுதல்களின் பயனைப் புஸ்தகத்தில் காண்பதைவிட மனிதர்களிடையே காண வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்கு மாட்டுங்காவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 1896இல் பிளேக் நோய் வந்து பம்பாயை உலுக்கிய பிறகு ஏற்பட்ட இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் வீதிகளும் தோட்டங்களும் வகுத்து இந்தப் பேட்டையை உண்டாக்கிற்று. குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் தெற்கேயிருந்து வந்தவர்கள் இதில் குடியேறினார்கள். ஆனால், வந்தவர்கள் ஊரோடு உறவற்றுப் போகாமல், இரண்டு தலைமுறை கடந்தும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் ஒரு காலை ஊன்றிக்கொண்டே இங்கே வாழ முடிந்ததென்றால், அதற்கு ஆதாரமாயிருந்தது தபால்தான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதற்கு முன்பிருந்த நிலையைச் சொன்னாலன்றி அந்த வருஷத்தின் பெருமை விளங்காது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1837இல் இயற்றிய சட்டத்தின்படி, தங்கள் ராஜ்யத்துக்குள் கடிதங்களைக் கூலிக்கு எடுத்துச் செல்லும் உரிமை முழுவதையும் தங்களுக்கே ஏகபோகமாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டணமோ தூரத்துக்குத் தூரம் ஏறிக்கொண்டே போகும்: கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு ஒரு தோலா எடைக்குப் பன்னிரண்டு அணா, பம்பாய்க்கானால் முழுசாக ஒரு ரூபாய். தபால்தலை என்ற ஒன்று கிடையாது. கடிதத்தைக் கொண்டுபோய் எழுத்தரிடம் நீட்டினால், அவர் ஊரைக் கேட்டு, தூரப் பட்டியலைப் பார்த்து, எடை போட்டு, கணக்கிட்டுச் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டும். மூன்று ராஜதானிகளிலும் தபால் நிர்வாகம் தனித்தனி. அவற்றையெல்லாம் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரும் அதிகாரி எவரும் இல்லை. அதிகாரிகளின் கடிதங்கள் ஏராளமாக இலவசத்தில் சென்றன. பிரஜைகளின் கடிதங்கள் அந்தச் செலவையும் சேர்த்துச் சுமந்தன. இந்த லட்சணத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வரும் ஓர் ஏழைத் தொழிலாளி தன் தாயாருக்குக் கடிதம் எழுதுவது என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம்.

இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர் ஆலோசனையின் பேரில் 1840இல் ஒரு பென்னித் தபால் ஏற்பட்டது உலகறிந்த விஷயம். கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவைக் காட்டிலும், அதை வாங்குவதற்கும் கணக்கெழுதுவதற்கும் கூலி வசூலிப்பதற்கும் ஆகும் செலவே அதிகம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார் அவர். ஆகவே தூரத்தைப் பார்க்காமல் ஒரே விகிதமாக முன்கூட்டியே வாங்கிவிடுவது சர்க்காருக்கும் லாபம், ஜனங்களுக்கும் சௌகரியம் என்றார். ஆனால் அது சிறியதொரு தீவு. பெஷாவரிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வரை விரிந்து கிடந்த கம்பெனி ராஜ்யத்துக்கு அந்த நியாயம் பொருந்துமா என்ற சந்தேகம் எழுந்தது நியாயமே. 1850இல் ராஜதானிக்கு ஒருவராகப் பம்பாய்க்குக் கோர்ட்னி, சென்னைக்கு ஃபோர்ப்ஸ், வங்காளத்துக்குப் பீடன் என்று மூவர் கொண்ட கமிஷன் நியமிக்கப்பட்டது. அவர்கள் விசாரித்து, பொருந்தும் என்றே எழுதிக் கொடுத்தார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு அதை ஏற்றார். 1854ஆம் ஆண்டின் பதினேழாவது சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி முதல், கால் தோலாவுக்கு மேற்படாத கடிதம் ராஜ்யத்தின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் கட்டணம் அரையணா. ஒரு தோலாவுக்கு இரண்டணா. அதாவது, கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் பதினாறு அணாவாக இருந்தது ஒரே நாளில் எட்டில் ஒரு பங்காயிற்று. ரிடெல் என்பவர் தேசம் முழுவதற்கும் தபால் தலைமை இயக்குநராக அமர்ந்தார். முன்பணமாகத் தபால்தலை ஒட்டாத கடிதத்துக்கு, பெறுகிறவரிடம் இரட்டைக் கூலி வாங்கும் விதியும் வந்தது. பிற்காலத்தில் நம் ஊர்களில் ‘பேரிங் லெட்டர்’ என்று வழங்கியது இதுவே.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷனில் கோட்டைக்குப் போகும் மெதுவண்டியில் ஏறினேன். இந்த இருப்புப்பாதைக்கும் அந்த வருஷத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி, போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நானூறு விருந்தினரோடு பதினான்கு பெட்டிகளை மூன்று இயந்திரங்கள் இழுத்துச் சென்றபோது, அவை சென்றது இந்த மார்க்கத்தின் வழியேதான்; அன்று மாட்டுங்கா வயலும் உவர்நிலமும் சூழ்ந்த ஒரு சிற்றூர். மறு வருஷம், அதே 1854இன் மே முதல் தேதி, பாதை கல்யாண் வரை நீண்டது. ஆகவே தபால் சீர்திருத்தத்தை ரயிலின் விளைவு என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. அக்டோபரில் புதிய கட்டணம் அமலுக்கு வந்தபோது, பம்பாயிலிருந்து புறப்பட்ட ரயில்பாதை மலைத்தொடரின் அடிவாரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த பாதையும் பம்பாயிலிருந்து சென்ற பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தது 1871இல். இடைப்பட்ட பதினேழு வருஷ காலம், சென்னை ராஜதானிக்குப் போன அரையணாக் கடிதங்களில் பெரும்பாலானவை, சலங்கை கட்டிய ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, காட்டிலும் ஆற்றங்கரையிலும் இரவென்றும் மழையென்றும் பாராமல் ஓடிய தபால் ஓட்டக்காரர்களின் தோள்மீதே போயின. தூரத்தின் காலம் குறைவதற்கு முன்பே தூரத்தின் விலை குறைந்துவிட்டது. இயந்திரம் வந்து செய்ய வேண்டியதை மனிதனின் காலை நம்பியே சர்க்கார் முன்கூட்டிச் செய்தது. அந்தக் கால்களுக்குரியவர்களின் பெயர்கள் எந்தத் தபால்தலையிலும் பொறிக்கப்படவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

தாதர், பரேல், சிஞ்ச்போக்ளி, பைகுல்லா என்று வண்டி நின்று நின்று சென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், என் கையிலிருந்த பழைய தபால்தலைப் படங்களைப் பார்த்துவிட்டு, தாமாகவே பேச்சுக் கொடுத்தார். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாட்டுங்கா. “எங்கப்பா ரெயில்வே ஆபீஸ்ல குமாஸ்தா. சம்பளம் வந்த அன்னிக்கே ஊருக்கு மணியார்டர் பண்ணிடுவார். கூப்பன்ல எழுத எடம் கொஞ்சந்தானே? அதுக்குள்ளயே பொடி எழுத்தா எல்லார் க்ஷேமமும் எழுதிடுவார். பாட்டிக்குப் பணத்தக் காட்டிலும் அந்தத் துண்டுக் காகிதந்தான் பெரிசு. பாட்டி போனப்பறம் பெட்டியத் தொறந்தா, வருஷக்கணக்கா அத்தனை கூப்பனும் நூல் போட்டுக் கட்டி வெச்சிருந்தா” என்றார். மஸ்ஜித் ஸ்டேஷன் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

அஞ்சலகம் மணியார்டர் வேலையைக் கஜானாக்களிடமிருந்து ஏற்றுக்கொண்டது 1880இல். கால் அணாக் கார்டு வந்தது அதற்கு முந்தைய வருஷம், 1879 ஜூலையில். இவையெல்லாம் 1854இல் இட்ட அஸ்திவாரத்தின் மேல் எழுந்த நிலைகள். கூலிக்காரனுக்கு அரையணாவும் சிறிய தொகை அன்று. கார்டுதான் தபாலை மெய்யாகவே ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தூரம் பார்க்காத விலை என்ற தத்துவம் முதலில் நிலைபெற்றிராவிட்டால், அந்தக் கார்டுதான் எங்கே வந்திருக்கும்?

போரிபந்தரின் பழைய மரக்கட்டட ஸ்டேஷன் இருந்த இடத்தருகே இன்று நிற்கும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸின் சிற்ப வேலைகளை எத்தனை முறை பார்த்தாலும் கண் சலிப்பதில்லை. எனினும் நான் அதைச் சுற்றிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே, கரும்பாறையால் எழுப்பப்பட்டு, பீஜப்பூர் கோல்கும்பாஸை நினைவூட்டும் மகத்தான கும்மட்டத்தைத் தாங்கி நிற்கும் தலைமை அஞ்சலகத்துக்குப் போனேன். ஜான் பெக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த இந்த மாளிகை 1904இல் தொடங்கி 1913இல் முடிந்தது. அதற்கு முன்னர் தலைமை அஞ்சலகம் ஃப்ளோரா நீரூற்றுக்கு அருகில், பின்னாளில் தந்தி ஆபீஸான கட்டடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், அத்தனை உயரத்தையும் அத்தனை வெளிச்சத்தையும் வெறும் கடிதத்துக்காகவா கட்டினார்கள் என்ற வியப்பு எழுகிறது. பீஜப்பூரில் ஒரு சுல்தானுடைய சமாதியின் மேல் நின்ற வடிவத்தை, தபால்தலை வாங்கவும் பணம் கட்டவும் வருகிற சாமானிய ஜனங்களுக்கு மேலே நிறுத்திய யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அங்குள்ள தபால்தலைச் சேகரிப்போர் பிரிவில் சிறிது நேரம் செலவிட்டேன். 1854இன் தலைகளைப் பற்றிப் பேசும்போது, அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1852 ஜூலை முதல் தேதி, சிந்து மாகாணத்தில் வெளியான ‘சிந்து டாக்’ என்னும் அரையணாத் தலையைச் சொல்லாமல் விட முடியாது; ஆசியாவிலேயே ஒட்டத்தக்க முதல் தபால்தலை அது. அதை வெளியிட்ட கமிஷனர் பார்ட்டில் ஃபிரேர், பிற்காலத்தில், 1862 முதல் 1867 வரை, பம்பாயின் கவர்னராக வந்து, நகரத்தை நெருக்கிக்கொண்டிருந்த கோட்டை மதிலை இடித்து, இன்று நாம் காணும் அகன்ற வீதிகளுக்கும் மாளிகைகளுக்கும் வழி திறந்தவர். கம்பெனியின் வாணிப முத்திரையைத் தாங்கிய அந்தச் சிந்துத் தலை, பொதுத் தலைகள் வந்ததும் வழக்கொழிந்தது.

பொதுத் தலைகள் உருவான கதை சுவை மிகுந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்காமல் இங்கேயே அச்சிடுவதென்று முடிவாயிற்று. கல்கத்தா நாணயசாலையில் ஃபோர்ப்ஸ் என்னும் மற்றொருவர், சிங்கமும் பனைமரமும் பொறித்த வடிவமொன்றை முயன்று, வேண்டிய அளவு அச்சிட இயலாமற் போகவே, சர்வே இலாகாவில் தேசப்படம் அச்சிட்டுப் பழகிய கேப்டன் துயிலியரிடம் பொறுப்பு வந்தது. அவர் முதலில் அரையணாத் தலையைச் சிவப்பு மையில் கல்லச்சில் எடுத்தார். சீமையிலிருந்து வந்த அந்த மை தீர்ந்துபோயிற்று. உள்ளூரில் அதற்கு ஈடு கிடைக்கவில்லை. ஆகவே அரையணா நீலமாயிற்று, ஒரு அணா சிவப்பாயிற்று, இரண்டணாப் பச்சை நாணயசாலையிலேயே அச்சாயிற்று. நாலணா மட்டும் சிவப்புச் சட்டத்துக்குள் நீலத் தலையாக இரண்டு வர்ணத்தில் வந்தது. இரு முறை அச்சிட நேர்ந்ததால் சிலவற்றில் விக்டோரியா ராணியின் தலை கீழ்மேலாக விழுந்துவிட, அவை இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் பொருளாகியிருக்கின்றன. இவற்றில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுண்டு: ராஜ்யம் அப்போது கம்பெனியாருடையது; ஆயினும் தலையில் கம்பெனியின் பெயர் இல்லை. ராணியின் உருவமும், மேலே ‘இந்தியா’ என்ற சொல்லும், கீழே விலையும் மட்டுமே இருந்தன. கம்பெனி ஆட்சி முடிவதற்கு நான்கு வருஷம் முன்பே, திருச்சினாப்பள்ளிக்காரனும் லாகூர்க்காரனும் ஒரே பெயர் பொறித்த காகிதத்தை நாவால் ஈரமாக்கி ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதைக் கொண்டு டல்ஹௌசி பிரபுவைப் பிரஜைகளின் உபகாரியாகக் கொண்டாடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது. அதே 1854இல்தான் வாரிசில்லை என்ற காரணம் காட்டி ஜான்சியும் நாகபுரியும் கம்பெனி ராஜ்யத்தில் சேர்க்கப்பட்டன. ஒரே கட்டணம் செல்லும் பிரதேசம் அந்த அநீதியினாலும் விரிவடைந்தது. வாணிபமும் ராணுவமும் நிர்வாகமுமே கம்பெனியார் கண்முன் நின்றவை. தந்திக் கம்பங்களும் அந்த வருஷமே பெருநகரங்களை இணைக்கலாயின. ஆனால் ஆள்வோர் ஒரு நோக்கத்தோடு அமைத்ததை ஜனங்கள் தங்கள் உறவுக்கும் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள். பிள்ளையார் சுழி போட்டு, “இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது” என்று தொடங்கி, சுபகாரியமானால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பிய கடிதங்களை எந்தக் கமிஷனும் எதிர்பார்த்திருக்காது.

மாளிகைக்கு வெளியே, புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் இடத்துக்கருகே, எழுத்தறியாதவர்களுக்குக் கடிதமும் மணியார்டர் பாரமும் எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. பல பாஷைக்காரர்களின் அந்தரங்கம் அவர்கள் பேனாவழியே ஊர் போய்ச் சேர்ந்தது. இப்போது அங்கே பார்சல்களுக்குத் துணி தைத்து அரக்கு வைப்பவர்களே எஞ்சியிருக்கக் கண்டேன்.

திரும்பும்போது மாட்டுங்காவில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனான சயானில் இறங்கித் தாராவிக்குள் சென்றேன். மாட்டுங்காவின் தமிழர் மேஜைக்கும் பேனாவுக்கும் வந்தவர்கள். தாராவியின் தமிழரில் பலர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள். அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த ஓர் அம்மாள், நான் கேட்டதற்கு, “எங்க அய்யா இங்கன தோல் ஷாப்புல வேல பாத்தாவ. நாங்க ஊர்ல. மாசாமாசம் மணியார்டர் வரும். போஸ்ட்மேன் திண்ணையில உக்காந்து கூப்பன வாசிச்சுச் சொல்லுவாரு. எங்கம்மா இன்னொருக்க வாசிங்கன்னு கேப்பாவ” என்றார். ரயிலில் கேட்ட கதையும் இதுவும் சாதியாலும் தொழிலாலும் எட்டாத தூரத்தில் இருந்த இரண்டு வீடுகளுடையவை. தபால் கட்டணத்தில் அவ்விரண்டுக்கும் பேதம் இருந்ததில்லை.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1854இன் அரையணா சமஸ்தானங்களுக்குள் முழுசாகச் செல்லவில்லை. நாகர்கோவில் அடங்கிய திருவிதாங்கூரில் மகாராஜாவின் ‘அஞ்சல்’ தனியாக நடந்து, 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. எனவே மாட்டுங்காவில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்த பாலக்காட்டுக்காரருக்கும் நாஞ்சில் நாட்டுக்காரருக்கும் ஊர்க் கடிதம் வந்து சேர்ந்த வழி நெடுங்காலம் வேறு வேறாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் மாட்டுங்கா அஞ்சலகத்துக்குச் சென்றேன். 1972 சுதந்திர தினத்தன்று, சமஸ்கிருத கவியாகவும் விளங்கிய அதிகாரி வேலன்கர் வகுத்த பின்கோடு அமலுக்கு வந்ததிலிருந்து இதன் எண் 400019. அங்கே கூட்டம் இருந்தது. பெரும்பாலும் சேமிப்புக் கணக்குக்காக வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கட்டுப் பத்திரங்களை அனுப்ப வந்திருந்தார். பதிவுத் தபால் என்று கேட்டார். 2025 செப்டம்பர் முதல் அது விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதென்று எழுத்தர் பொறுமையாக விளக்கி, பின்கோடைத் தட்டி, தொகையைச் சொன்னார். பதிவுத் தபாலுக்குத் தூரக் கணக்கு இருந்ததில்லை. விரைவுத் தபாலில் உள்ளூர், வெளியூர் என்ற பேதம் உண்டு. எடை ஏறினால் கிலோமீட்டர்க் கணக்கும் உண்டு. வேகத்துக்கும் இயந்திர வசதிக்கும் இந்த மாறுதல் துணை செய்யலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொலைவிலிருப்பவன் அதிகம் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதி, 171 வருஷத்துக்குப் பிறகு, பத்திரத்தையும் சான்றிதழையும் ஊருக்கு அனுப்ப வேண்டியவர்களின் மேல் மறுபடி வந்து அமர்வது எனக்குச் சம்மதமில்லை. ஐம்பது பைசாக் கார்டுக்கும் சாதாரணக் கடிதத்துக்கும் இன்னும் அந்த விதி வரவில்லை. வரக்கூடாது என்றும், பத்திரங்களுக்கும் ஒரே விகிதத்தைத் திரும்ப ஏற்படுத்த வேண்டும் என்றும் தபால் இலாகாவுக்கு எழுதுவதற்காக அங்கேயே ஒரு கவர் வாங்கிக்கொண்டேன்.